பின்னால் கட்டியிருந்தவர்

திங்கட்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிஷத்துக்கு என் மகள் பால் தூக்கு இல்லாமல் வீட்டுக்குள் வந்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகிவிடக் கூடாது என்று எங்கள் வீட்டுக் கடிகாரத்தை நான் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருந்தேன். ஆகவே சரியான நேரம் ஆறரை. அதற்குப் பிறகு வந்த பத்து நாளையும் நான் அந்த ஆறரையிலிருந்துதான் எண்ணினேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் தெருவில் நாய் உறுமினால் என் கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போகிறது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இடது காலில் கெண்டைச் சதைக்கு மேல் இரண்டு பல் பதிந்திருந்தது. ஒன்றில் மட்டும் ரத்தம்.

"என்னடி ஆச்சு?"

"நாய்."

"என்ன நாய்?"

"செவலை."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. இந்தக் கதையில் நான் செய்த தவறு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் அதன் விளைவு.

கம்பத்துக்குத் தெற்கே, கூடலூர் போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நான் அறிவியல் ஆசிரியை. வெறிநாயின் அறிகுறிகள் யாவை என்பது எங்கள் பாடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வி. உணவு மறுக்கும், குரல் மாறும், எச்சில் ஒழுகும், காரணமில்லாமல் ஓடும், கடைசியில் இறக்கும் என்று பன்னிரண்டு வருஷமாகக் குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்லிக்கொடுத்து வந்தேன். அந்த ஐந்து மதிப்பெண் அன்றைக்கு என் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றது.

அவளைத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் இழுத்துப்போய், காலைச் சிவப்பு சோப்புப் போட்டுப் பத்து நிமிஷம் கழுவினேன். என் கணவரின் அக்கா எங்களோடு இருந்தார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவர் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்த கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"இதெல்லாம் போடக் கூடாது மதினி."

"நீ படிச்சவ. சரி, போடல. ஆனா நான் சொல்ற மத்ததைக் கேக்கணும்."

சரி என்றேன். சுண்ணாம்பிலிருந்து தப்பினால் போதும் என்று இருந்தது.

என் கணவருக்கு ஊரை ஒட்டி மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம். எதையும் உடனே செய்துவிட்டுப் பிறகு யோசிக்கிறவர். பனியனோடு கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொண்டு தெருமுக்குக்கு ஓடினார். அங்கே எங்கள் பால் தூக்கு கவிழ்ந்து கிடந்தது. அதன் அருகில் ஒரு செவலை நாய், உலகத்தில் வேறு எதுவுமே நடக்காததுபோலக் கொட்டிய பாலை நக்கிக்கொண்டிருந்தது. கயிற்றைக் கழுத்தில் போட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

"பாரு, என்னா அமைதியா வருதுன்னு. செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது" என்றார் அவர்.

பின்கட்டில் திராட்சைப் பந்தலுக்கு வாங்கி மிச்சமாகிப் போன கல்தூண் ஒன்று வேப்ப மரத்தடியில் நட்டிருந்தது. அதில் கட்டினோம்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகளைக் கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் காயத்தைப் பார்த்தார். கடித்த நாய் கைவசம் இருக்கிறதா என்று கேட்டார். கட்டி வைத்திருக்கிறோம் என்றேன். "அப்படியானால் பத்து நாள் பாருங்கள். மாட்டாஸ்பத்திரியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு ஏதாவது ஆனால் உடனே வந்துவிட வேண்டும். பதினாலு ஊசி" என்று சொல்லித் தன் தொப்புளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். என் மகள் அந்த வட்டத்தைப் பார்த்தாள். அந்த நாளில் அதுதான் வழக்கம். இன்றைக்கு யாராவது என்னிடம் வந்து கேட்டால், நாயைத் தேடாதே, முதலில் ஊசியைப் போடு என்றுதான் சொல்வேன்.

கால்நடை டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நான் போனபோது மரச் சட்டத்துக்குள் நின்ற ஒரு பசுவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வலது கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. அந்த நிலையிலேயே என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

"பத்து நாள் நாய் நல்லா இருந்துச்சுன்னா உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர். அதுக்குள்ள செத்துப் போயிருச்சுன்னா ஊசிதானுங்க. காணாமப் போனாலும் போன மாதிரிதான்."

"என்னென்ன கவனிக்கணும் டாக்டர்?"

"சோறு திங்குதா, தண்ணி குடிக்குதா, கொரல் மாறுதா. அவ்வளவுதானுங்க. பொண்ண அதுகிட்ட விடாதீங்க."

"எத்தனை மணிக்கு ஒரு தடவை கவனிக்கணும்?"

பசு திரும்பி என்னைப் பார்த்தது. டாக்டரும் பார்த்தார். "உங்களுக்கு எப்பெல்லாம் தோணுதோ அப்பெல்லாம் பாருங்க" என்றார். என்னைத் தெரியாதவர்தான் என்னிடம் அப்படிச் சொல்வார்.

பஸ் ஏறுவதற்கு முன்பே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். நாள், நேரம், உணவு, நீர், குரல், வால் என்று ஆறு கட்டம் போட்டேன். வால் என்னுடைய சொந்தச் சேர்க்கை.

வீட்டில் மதினி தன் சட்டங்களோடு காத்திருந்தார். மொத்தம் இரண்டு.

"கடிபட்ட பிள்ளை கடிச்ச நாயி மொகத்துல முழிக்கக் கூடாது. முழிச்சா விசம் தலைக்கு ஏறும். அந்தப் பேரையும் வீட்டுக்குள்ள யாரும் சொல்லக் கூடாது. பிள்ளையும் அதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மாட்டு டாக்டரும் பெண்ணை நாயிடம் விடாதீர்கள் என்றுதானே சொல்லியிருந்தார். மதினியும் அரசாங்கமும் ஒரே விஷயத்தைச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான் ஒப்புக்கொண்டேன். மதினி தன் பழைய சுங்குடிச் சேலையைப் பின்வாசலில் திரையாகத் தொங்கவிட்டார். மகளுக்கு முன்அறையில் கட்டில் போட்டு, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல், ஜன்னலின் கீழ்க் கதவையும் சாத்திவிட்டோம்.

பெயர் சொல்லக் கூடாது என்பதால் அன்று மாலைக்குள் அந்த நாய்க்கு வீட்டில் ஒரு மரியாதை வந்துவிட்டது. "பின்னால கட்டியிருக்கவரு சாப்பிட்டாரா?" என்று என் கணவர் கேட்பார். "இப்பத்தான் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்காரு" என்பார் மதினி. தோட்டத்து வேலையாள் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, என் கணவரின் பெரியப்பா யாரோ புத்தி பேதலித்து வந்து இருக்கிறார், கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று ஊரில் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே மேலத் தோட்டத்துக்காரர் வந்தார். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த திராட்சைத் தோட்டம் அவருடையது. பெரிய உடம்பு, பெரிய மீசை. பின்கட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது எம் நாயில்ல? இங்கன எதுக்குக் கெட்டி வச்சிருக்கீக?"

"பிள்ளையக் கடிச்சிருச்சுண்ணே."

"எம் நாயா? அது கிளி வெரட்டுற நாயிப்பா. குரைக்கும். கடிக்கத் தெரியாது அதுக்கு."

"பாலை நக்கிக்கிட்டு நின்னத நானே பார்த்தேன். பத்து நாள் இருக்கட்டும். டாக்டர் சொல்லியிருக்காக."

அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு, காதை மடக்கித் தரையோடு படுத்துக்கொண்டது. வளர்த்தவருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம்போலத் தெரிந்திருக்க வேண்டும். மீசை கொஞ்சம் இறங்கியது. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாது தாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே தலையைக் குனிந்துகொண்டு போனார்.

என் நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. முதல் மூன்று நாள் பதிவுகளைப் பார்த்தால் அதை எழுதியவளுக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்று தோன்றும். செவ்வாய் காலை 6.10: கேப்பைக் கூழ், முழுதும். 6.25: தும்மல், ஒன்று. 6.40: தும்மல் இல்லை. 7.05: வேப்பங்காயை முகர்ந்து பார்த்தது, தின்னவில்லை (இது உணவு மறுத்தலா?). பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் நான் ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஓடுவேன். தலைமையாசிரியர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவர் எப்படி இருக்கிறார்?" என்று அவரும் கேட்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை காலையில் வைத்த சோற்றை நாய் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டையை உடைத்து ஊற்றினேன். முகர்ந்தது. பெருமூச்சு விட்டது. முன்னங்காலில் தலையை வைத்துக்கொண்டது. உள்ளே போய் மகளைப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து தாளில் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றைப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை. அதில் பதினாலு எங்கே போடுவார்கள் என்று தோன்றியது. ஊசியாவது பரவாயில்லை. ஊசிக்குப் பிறகும் நடக்கக் கூடியதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

வியாழக்கிழமைகளில் மாட்டு டாக்டர் எங்கள் ஊர்க் கால்நடைக் கிளை நிலையத்துக்கு வருவார். என் கணவர் அவரைக் கையோடு கூட்டி வந்தார். டாக்டர் முதலில் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார்.

"இத்தன வருசத்துல ஒரு மாட்டுக்குக்கூட யாரும் இப்படி எழுதி வச்சதில்லீங்க" என்றார்.

பிறகு ஒரு குச்சியால் நாயின் உதட்டை விலக்கினார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். சுவரோரம் போய்க் காலால் மண்ணைக் கிளறினார். ஆட்டு எலும்பு வந்தது. இன்னும் கிளறினார். இன்னும் வந்தது.

"டீச்சர், இதுக்கு நோய் இல்லீங்க. விருந்துங்க."

மேலத் தோட்டத்துக்காரர், தன் நாய் செய்த பாவத்துக்கு ஈடாக அது பத்து நாளும் உயிரோடு இருந்தாக வேண்டும் என்று, தினமும் காலையில் கறிக்கடையில் எலும்பு வாங்கி யாருக்கும் தெரியாமல் சுவருக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்களிடம் சொல்ல வெட்கம். அன்றிலிருந்து அந்த நாய் கேப்பைக் கூழைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டது.

சனிக்கிழமை குரல் மாறிவிட்டது. காலையில் குரைத்தது கேட்டு அடுப்படியிலிருந்து ஓடினேன். கிழிந்த துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம். ஐந்து மதிப்பெண் விடையில் இரண்டாவது அறிகுறி. என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பம் போய், ஒரு மணி நேரத்தில் சிரிக்கலாமா கூடாதா என்ற முகத்தோடு திரும்பி வந்தார்.

"வானத்துல கிளி போகுதான்னு டாக்டர் கேட்டாக."

"கிளியா?"

"திராட்சை பழுத்திருக்குல்ல. விடிஞ்சதுலருந்து கூட்டங்கூட்டமாப் போகுது. இது கிளி வெரட்டுற நாயி. தோட்டத்துக்குப் போக முடியலன்னு இங்கன இருந்தே வெரட்டியிருக்கு. டீச்சரு நாலு வகுப்பு சேர்ந்தாப்ல எடுத்தா அவுகளுக்கும் தொண்டை கட்டும்ல, அப்படித்தான்னு சொல்லிட்டாக."

அன்று மாலை நாயோடு பின்கட்டிலேயே உட்கார்ந்தேன். ஒவ்வொரு குரைப்பையும் எழுதினேன். மேலே கிளி போனதா இல்லையா என்று ஏழாவதாக ஒரு கட்டம் போட்டேன். பின்கட்டுப் படல் கதவு திறந்திருந்தது. சந்து வழியாக, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் மூட்டையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் தெருமுக்கிலிருந்து ஜீப்பில் மலையேறினால் சனிக்கிழமை மாலையில்தான் இறங்குவார்கள். வழக்கமாக நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர்கள் அன்று பேசவில்லை. நானும் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. ஏழு நாள். நாய் உருண்டு திரண்டு பளபளவென்று இருந்தது. மதினிகூட, "அவருக்கு இன்னிக்கு ஈரல் வாங்குவமா?" என்று கேட்டார். இன்னும் மூன்றே நாள் என்று மனது லேசாகிக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எட்டாம் நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு உள்ளே நுழைகிறேன். நாயின் கழுத்து தடித்ததில் கயிற்று முடிச்சு நெகிழ்ந்திருக்க வேண்டும். சுங்குடிச் சேலையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு நாய் அடுப்படியைத் தாண்டி, முன்அறைக்குப் போய், என் மகளின் மடியில் தாடையை வைத்தது. மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார். விஷம் தனக்கும் ஏறும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அசையவில்லை. என் கணவர் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் நின்றார்.

மகள் மட்டும் பயப்படவில்லை. அதன் காதைத் தடவிக் கொடுத்தாள்.

"இது யாரு நாய்ப்பா? அழகா இருக்கு."

"பாப்பா, மெதுவா எந்திரிச்சு இங்கன வா. அதுதான் ஒன்னக் கடிச்ச நாயி."

"இது இல்லையே."

நாய் கொட்டாவி விட்டது.

"என்ன இல்ல?"

"என்னையக் கடிச்ச நாய் இது இல்ல. அதுக்கு ஒரு காது பாதிதான் இருக்கும். அது ஜீப்புல போயிருச்சே."

"எந்த ஜீப்புல?"

"ஏலத் தோட்டத்து ஜீப்புல. நான் தெரியாம அது வால மிதிச்சிட்டேன். கடிச்சிட்டு ஓடிப்போய் ஒரு அக்கா மடியில ஏறிக்கிருச்சு. ஜீப்பு போயிருச்சு."

"இத ஏன் எட்டு நாளாச் சொல்லல?"

"நாயப் பத்தி வாயத் தொறந்தா விஷம் ஏறும்னு அத்தை சொன்னாக. நீங்களும் யாரும் கேக்கல."

மதினி சுளகைக் கீழே இறக்கினார். என்னைத்தான் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ள முடியாதபடி இருவர் பங்கும் சரிபாதியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். குற்றமற்ற ஒரு நாயின் தும்மலை எட்டு நாளாக எழுதிவந்த நோட்டு என் கையிலேயே இருந்தது. கடித்த நாய் இந்த எட்டு நாளில் என்ன ஆயிற்று, சோறு தின்றதா, தண்ணீர் குடித்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. காணாமல் போனாலும் போன மாதிரிதான் என்று டாக்டர் சொன்னது மட்டும் பசு திரும்பிப் பார்த்த பார்வையோடு நினைவுக்கு வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் என் கணவர் கம்பம்மெட்டு வழியாக மலையேறினார். அந்தப் பக்கம் எத்தனை ஏலத் தோட்டம், எத்தனை ஜீப், எத்தனை செவலை நாய் என்று யாருக்கும் கணக்கு இல்லை. பாதிக் காது என்ற ஒரே அடையாளத்தோடு போனார். எனக்கு மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வேலை.

"நாய் செத்துவிட்டதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை டாக்டர். ரொம்ப நன்றாக இருக்கிறது. எட்டு நாளாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லை."

அவர் என் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். அறிகுறி தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். "இனி ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். ஆரம்பித்துவிடுவோம். நாய் நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்" என்றார்.

நர்ஸ் சட்டையை உயர்த்தியபோது என் மகள் என் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அழவில்லை. ஊசி உள்ளே போகும்போது அவள் பல்லின் அழுத்தம் சேலை வழியாக என் தோள்வரை இழுத்தது. வெளியே வந்து, "இன்னும் பதிமூணாம்மா?" என்று கேட்டாள். கணக்கில் எப்போதும் அவள் சரியாக இருப்பாள். அந்தச் சேலையை நான் பிறகு கட்டவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

அன்று இரவு என் கணவர் வரவில்லை. வியாழக்கிழமை காலை இரண்டாவது ஊசி. காலை ஆறரை மணிக்குப் பத்து நாள் முடிந்துவிட்டது. எதற்கு முடிந்தது என்றுதான் தெரியவில்லை.

மாலை மூன்றரை மணிக்கு மாட்டு டாக்டர் வந்தார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. கிளை நிலையத்து வேலையை முடித்துவிட்டு, பத்தாம் நாள் நாயைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். அவருக்குப் பின்னால், நாயை அழைத்துப் போக, வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு மேலத் தோட்டத்துக்காரரும் வந்தார். டாக்டர் நாயின் கண்ணை விலக்கிப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"நாய் சுத்தமா இருக்குதுங்க டீச்சர். இனிப் பொண்ணப் பத்திக் கவலையே வேண்டாம்."

நான் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டார். மேலத் தோட்டத்துக்காரருக்குத்தான் மெதுவாக ஏறியது. ஏற ஏற மீசையும் பழைய இடத்துக்கு ஏறியது.

"அப்ப எம் நாயி கடிக்கல?"

"கடிக்கலண்ணே."

"பத்து நாளா எலும்பு போட்டேன் தாயி. ஊருக்குள்ள நிமிந்து நடக்கல. கடைக்காரன் கேக்கறான், ஒங்க நாயி டீச்சர் பிள்ளையக் கடிச்சிருச்சாமேன்னு." நாயைக் குனிந்து பார்த்தார். "நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா."

அப்போதுதான் தெருமுக்கில் ஜீப் சத்தம் கேட்டது. வியாழக்கிழமை ஜீப் வருகிற நாள் இல்லை. எழுந்து வாசலுக்கு ஓடினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து முதலில் இறங்கியது ஒரு செவலை நாய். ஒரு காது பாதிதான் இருந்தது. இறங்கியதும் உடம்பைச் சிலிர்த்துவிட்டு, வாசலில் கோழிக்கு வைத்திருந்த சட்டியிலிருந்து தண்ணீரைச் சளக் சளக்கென்று குடித்தது. அவ்வளவு அழகான சத்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. நோட்டு கையில் இல்லையே என்று தவித்தேன். பத்து நாள், ஒன்பதே முக்கால் மணி நேரம்.

"இதுதாம்மா" என்றாள் மகள், என் இடுப்புக்குப் பின்னாலிருந்து.

நாய்க்குப் பின்னால், கிழிந்த சேலைத் துண்டால் திரித்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முப்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். வாரா வாரம் எங்கள் சந்து வழியாகப் போகிறவள்தான். அவளுக்குப் பின்னால் என் கணவர், இரண்டு நாள் தாடியோடும் சேறு காய்ந்த வேட்டியோடும், அவளுடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நீயே கேட்டுக்கொள் என்பதுபோல அவளைக் கை காட்டினார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் நின்ற மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை சோறு திங்குதா டீச்சர்? தண்ணி குடிக்குதா? கொரல் ஒண்ணும் மாறலையே?" என்றாள். "டீச்சர் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கடிச்ச நாயும் பத்து நாளைக்குள்ள செத்துரும்னு எங்க தோட்டத்துக் கங்காணி சொல்லிட்டாக. அன்னிலருந்து நானும் இதக் கெட்டிப் போட்டு, வேலையப் பாதியில விட்டு விட்டு ஓடியாந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். சனிக்கெழம வந்து ஒங்க கால்ல விழலாம்னுதான் இருந்தேன். நீங்க பின்கட்டுல ஒரு நாயக் கெட்டிப்போட்டு, அது பக்கத்துல உக்காந்து நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீக. செவலையா இருக்கதையெல்லாம் பிடிச்சுப் போலீசுக்கு எழுதுறீகன்னு நெனச்சு, இத முந்தானைக்குள்ள மறைச்சுக் கூட்டிட்டுப் போயிட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க டீச்சர். எம் நாயி பொழச்சிக்கிரும்."